இரட்டையர் சுற்றுக்கு எட்டுக் கேள்வி: அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்லுங்கள்

மணியோசை:

நூலக வாசகர் வட்டத்துக்கு வினாடி வினா. அதில் ஒரு சுற்று முழுக்க இரட்டையர். புராணம், விளையாட்டு, அரச குடும்பம், சினிமா எல்லாம் கலந்து எட்டுக் கேள்வி எழுதியாகிவிட்டது. அடைப்புக்குள் இருப்பது பதில்தாளில் போகப்போகிற விடை. மேடையில் யாராவது எழுந்து "தப்பு சார்" என்றால் அந்தச் சுற்றே போச்சு. தெரிந்தவர்கள் ஒரு பார்வை பாருங்கள்.

1. சீதையின் இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவர் யார்? (லவன்)
2. தமிழ்ப் புலவர்களில் பிறவி இரட்டையர் யார்? (முதுசூரியர், இளஞ்சூரியர்)
3. மிதுனத்தின் இரட்டை விண்மீன்களில் கூடுதலாக ஒளிர்வது எது? (காஸ்டர்)
4. ஒரே டெஸ்ட் போட்டியில் சேர்ந்து ஆடிய முதல் இரட்டையர்? (ஸ்டீவ் வாஹ், மார்க் வாஹ்)
5. மைக் பிரையன் வென்ற ஆடவர் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் எத்தனை? (16)
6. மொனாக்கோவில் ஜாக் பட்டத்து இளவரசர் ஆனது எதனால்? (முதலில் பிறந்ததால்)
7. ஒரே பாத்திரத்தில் மாறி மாறி நடித்த ஓல்சன் சகோதரிகள் எவ்வகை இரட்டையர்? (ஒரே கரு)
8. ரோமுலஸ், ரீமஸ் இருவருக்கும் பால் கொடுக்கும் ஓநாய்ச் சிலையின் காலம்? (கி.மு. 5ஆம் நூற்றாண்டு)

ஏட்டுச்சுவடி:

முதல் இரண்டுமே விழும் சார்.

"லவ குச" என்று சொல்லிச் சொல்லி லவன் மூத்தவன் என்று ஆகிவிட்டது. வால்மீகியின் உத்தர காண்டத்தில் நேர்மாறு. பிறந்த குழந்தைகளுக்குக் காப்பாக, மந்திரித்த தருப்பையால் துடைத்துவிடச் சொல்கிறார் முனிவர். முதலில் பிறந்தவனைக் குசத்தால் துடைக்க வேண்டும், அவன் பெயர் குசன். அடுத்தவனை அதன் அடிப்பாகமான லவத்தால் துடைக்க வேண்டும், அவன் லவன். ஆக மூத்தவன் குசன். அன்று இரவு அதே ஆசிரமத்தில் தங்கியிருந்தவன் சத்ருக்னன், லவணாசுரனைக் கொல்லப் போகும் வழியில். இன்னொரு இரட்டையரில் ஒருவன் இவர்கள் பிறந்தபோது பக்கத்தில் இருந்தான் என்பதே நல்ல கேள்வி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கதாசரித்சாகரத்தில் லவன் மட்டும்தான் பிறக்கிறான். குழந்தையைக் காணோம் என்று பதறிய வால்மீகி தருப்பையால் இன்னொரு பிள்ளையை உண்டாக்குகிறார், அவன்தான் குசன். அந்தக் கதைப்படி லவனே மூத்தவன், இருவரும் இரட்டையரே இல்லை. ஆகவே கேள்வியில் "வால்மீகி ராமாயண உத்தர காண்டத்தின்படி" என்று போட்டே ஆக வேண்டும். புராணக் கேள்வி எதுவானாலும் நூலின் பெயர் கேள்விக்குள்ளேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வாய்மொழிக் கதை ஒன்றைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்.

இரண்டாவது: இரட்டைப் புலவர்கள் பிறவி இரட்டையர் அல்லர். ஒருவர் அத்தை மகன், ஒருவர் மாமன் மகன் என்றுதான் அவர்கள் வரலாறு வழங்குகிறது. ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. கால் இல்லாதவரைக் கண் இல்லாதவர் தோளில் சுமப்பார், வெண்பாவின் முதல் பாதியை ஒருவர் பாட மறுபாதியை மற்றவர் முடிப்பார். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் இவர்கள் பெயரில் உள்ளவை. பெயர் மட்டும்தான் இரட்டையர். மெல்லிசை இரட்டையர் விஸ்வநாதன், ராமமூர்த்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மொழியில் ஜோடியாக எது வந்தாலும் இரட்டையர்தான்.

பிறவி இரட்டையர் வேண்டுமானால் ஆற்காடு இரட்டையர் இருக்கிறார்கள்: ஆ. இராமசாமி முதலியார், ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1887 அக்டோபர் 14, கர்னூல். முன்னவர் 1946இல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவர். பின்னவர் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தொழிலால் மகப்பேறு மருத்துவர், பிரசவ மருத்துவத்துக்குப் பாடநூல் எழுதியவர். "இரட்டையராகப் பிறந்து, பிறருக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ஸ்லிப்:

கிரிக்கெட் கேள்வியும் அவுட். வாஹ் சகோதரர்கள் சேர்ந்து ஆடிய முதல் டெஸ்ட் 1991 ஏப்ரல், போர்ட் ஆஃப் ஸ்பெயின். அதற்கு ஏறக்குறைய 7 ஆண்டு முன்னாலேயே, 1984 ஜூலையில் ஹெடிங்லியில், நியூசிலாந்து பெண்கள் அணிக்கு ரோஸ் சிக்னல், லிஸ் சிக்னல் என்ற இரட்டைச் சகோதரிகள் ஒரே டெஸ்டில் ஆடிவிட்டார்கள். "ஆண்கள் டெஸ்டில்" என்ற ஒரு சொல் சேர்த்தால் உங்கள் விடை பிழைக்கும். சேர்க்காமல் விடையை மாற்றினால் கேள்வி இன்னும் ருசி. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

வாஹ் பற்றி வேறு கேட்கலாம். 1991 ஜனவரியில் அடிலெய்டில் மார்க் அறிமுகமானபோது அவருக்கு இடம் கொடுக்க நீக்கப்பட்டவர் கூடப் பிறந்த ஸ்டீவ்தான். வந்த முதல் இன்னிங்ஸிலேயே மார்க் 138. ஒரு மாதம் முன்பு பெர்த்தில் நியூ சவுத் வேல்ஸுக்காக இருவரும் பிரியாமல் சேர்த்தது 464 ரன்: மார்க் 229, ஸ்டீவ் 216, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. மொத்தத்தில் ஸ்டீவ் 168 டெஸ்டில் 10,927 ரன், மார்க் 128 டெஸ்டில் 8,029. சேர்ந்து ஆடியவை 108. இவர்கள் உருவ ஒற்றுமை உள்ள இரட்டையர் அல்ல, அதையும் மாற்றி எழுதிவிடாதீர்கள். அச்சு அசல் ஒரே முகம் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் அலெக் பெட்சர், எரிக் பெட்சர். அலெக் 51 டெஸ்டில் 236 விக்கெட், எரிக் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. நம்மூருக்கு பாபா அபராஜித், பாபா இந்திரஜித், சென்னையில் 1994 ஜூலை 8இல் பிறந்தவர்கள்.

பிரையன் கேள்வியில் மாட்டிக்கொண்டது எண். 16 என்பது மைக்கும் அவருடைய இரட்டைச் சகோதரர் பாபும் *சேர்ந்து* வென்றது. பாப் இடுப்புக் காயத்தால் ஓய்விலிருந்த 2018இல் மைக், ஜாக் சாக்குடன் ஆடி விம்பிள்டனும் அமெரிக்க ஓபனும் வென்றார். ஆக மைக்குக்கு 18, பாபுக்கு 16. சேர்ந்து வென்ற மொத்தப் பட்டங்கள் 119, அதோடு லண்டன் 2012 ஒலிம்பிக் தங்கம்.

இன்னொன்று. நம் விளையாட்டுப் பக்கங்களில் 'இரட்டையர் பிரிவு' என்றால் இரண்டு பேர் ஆடும் டென்னிஸ். "இரட்டையர் பிரிவில் சாதித்த இரட்டையர்" என்று கேள்வி போட்டால் பாதிப் பேர் பயஸ், பூபதி என்று எழுதுவார்கள். "உடன்பிறந்த இரட்டையர்" என்று தெளிவாகப் போடுங்கள்.

மணியோசை:

எட்டில் நான்கு போயே போச்சு. மீதியையும் பார்த்துவிடுங்கள். கிரிக்கெட் தெரியாதவர்களுக்கும் ஒரு விளையாட்டுக் கேள்வி வேண்டும், கொஞ்சம் கடினமாக.

மூன்றாவது ஸ்லிப்:

1984 சராயேவோ குளிர்கால ஒலிம்பிக், ஆடவர் ஸ்லாலம் பனிச்சறுக்கு. ஃபில் மாரே தங்கம், ஸ்டீவ் மாரே வெள்ளி, வித்தியாசம் 0.21 விநாடி. அமெரிக்க இரட்டையர்.

இன்னும் கடினம் வேண்டுமானால் ஐஸ் ஹாக்கி. சுவீடனின் டேனியல் செடின், ஹென்ரிக் செடின். 1999இல், புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், வான்கூவர் அணி இரண்டாவது தேர்வாக டேனியலையும் மூன்றாவதாக ஹென்ரிக்கையும் எடுத்தது. ஒருவரை எடுத்து ஒருவரை விட்டுவிடக் கூடாது என்று மற்ற அணிகளோடு பேரம் பேசித்தான் அடுத்தடுத்த இரண்டு தேர்வுகளையும் கைப்பற்றினார்கள். சட்டை எண் 22, 33 என்று வந்தது அதனால்தான். 2010இல் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான விருது ஹென்ரிக்குக்கு (112), மறு ஆண்டு டேனியலுக்கு (104). "22, 33: இந்தச் சட்டை எண்களுக்குக் காரணம் என்ன?" என்பது குழுவாக யோசிக்க நல்ல கேள்வி.

வித்தியாசமாக ஒன்று: 2016 ஆஸ்திரேலிய ஓபனில் கிறிஸ்டினா பிளிஸ்கோவா ஒரே ஆட்டத்தில் 31 ஏஸ் (எதிராளி தொட முடியாத சர்வ்) அடித்தார். ஆட்டத்தில் தோற்றார். அவருடைய இரட்டைச் சகோதரி கரோலினா வலக்கை, இவர் இடக்கை. மைக், பாப் பிரையனும் இப்படித்தான். ஒரு கை வலது ஒரு கை இடது என்றால் டென்னிஸ் ஜோடிக்கு லாபம் உண்டு. சூரியன் முகத்தில் அடிக்கும் பக்கம் ஆளுக்கு ஆள் மாறும், கண் கூசாத பக்கத்திலிருந்து ஒவ்வொருவரும் சர்வ் போடலாம். எதிராளிக்கும் பந்து திரும்பும் திசை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறிக்கொண்டே இருக்கும்.

கோட்டைவாசல்:

ஆறாவது தலைகீழ். 2014 டிசம்பர் 10 மாலை 5:04க்குப் பிறந்தவர் கேப்ரியல்லா, 5:06க்கு ஜாக். இரண்டு நிமிடம் மூத்தவர் பெண். மொனாக்கோவில் ஆண் பிள்ளை இருந்தால் அவனுக்கே முன்னுரிமை, அதனால் ஜாக் வாரிசு. கோட்டையில் 42 குண்டு முழங்கினார்கள், தலைக்கு 21. விடையை "ஆண் வாரிசுக்கு முன்னுரிமை தரும் சட்டத்தால்" என்று மாற்றுங்கள்.

இதோடு டென்மார்க்கை இணைத்துக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். அங்கே அரச குடும்பத்து இரட்டையர் பிறந்தது 2011 ஜனவரி 8 அன்று: வின்சென்ட் காலை 10:30, ஜோசஃபின் 10:56. அங்கும் பையன்தான் வரிசையில் முன்னால், ஆனால் காரணம் வேறு. 2009லிருந்து அங்கே ஆண், பெண் பேதம் இல்லை. 26 நிமிடம் முந்திப் பிறந்தார், அவ்வளவுதான். ஜோசஃபின் முந்தியிருந்தால் அவர்தான் முன்னால்.

பழைய காலத்துக்கு ஸ்காட்லாந்து. 1430 அக்டோபரில் முதலாம் ஜேம்ஸுக்கு இரட்டை ஆண் பிள்ளைகள்: அலெக்சாண்டர், ஜேம்ஸ். அலெக்சாண்டர் சிசுவாகவே இறந்துவிட, ஜேம்ஸ் பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் ஆனார். கிளியோபாட்ராவுக்கும் ஆண்டனிக்கும் கி.மு. 40இல் பிறந்த இரட்டையருக்குப் பெயர் ஞாயிறும் திங்களும்: அலெக்சாண்டர் ஹீலியோஸ், கிளியோபாட்ரா செலீனி. செலீனி பின்னர் மொரிட்டேனியாவின் அரசி. ஈரானின் கடைசி ஷா முகமது ரேசா பஹ்லவியும் அஷ்ரஃபும் 1919 அக்டோபர் 26இல் பிறந்த இரட்டையர்.

முதலில் வந்தவர்தான் மூத்தவர் என்பதே எல்லா ஊரிலும் செல்லாது. நைஜீரியாவின் யொருபா மக்களிடம் முதலில் பிறக்கும் குழந்தைக்கு டாய்வோ, பின்னால் வருவதற்குக் கெஹிண்டே என்று பெயர். மூத்தது கெஹிண்டேதான். உலகம் எப்படி இருக்கிறது பார்த்து வா என்று இளையவனை முதலில் அனுப்புவதாக நம்பிக்கை. பைபிளிலோ மருத்துவச்சி சிவப்பு நூல் கட்டிய கை சேராவுடையது. கை உள்ளே போய், வெளியே வந்தவன் பாரேஸ். ஆதியாகமம் 38ஆம் அதிகாரம். இந்த இரண்டையும் வைத்தே "மூத்தவர் யார்?" என்று தனிச் சுற்று நடத்தலாம்.

ஏட்டுச்சுவடி:

பைபிள் என்றதும் இன்னொன்று. யோவான் 11:16இல் "திதிமு என்னப்பட்ட தோமா". கிரேக்கத்தில் திதிமு என்றால் இரட்டைப் பிள்ளை, அரமேயத்தில் தோமா என்றாலும் அதேதான். சென்னை பரங்கிமலையோடு சேர்த்துச் சொல்லப்படும் புனித தோமையாரின் பெயரே இரட்டையன் என்று சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். யாருடைய இரட்டை என்று மட்டும் கேட்காதீர்கள், பைபிளில் இல்லை. வடமொழியிலும் 'யம' என்ற சொல்லுக்கு இரட்டை என்று பொருள். யமனுக்கு உடன்பிறந்தவள் யமி.

மகாபாரதத்துக்கு நகுலன், சகாதேவன் எல்லாருக்கும் தெரியும். தெரியாத இடம்: குந்தி கொடுத்த மந்திரத்தை மாத்ரி ஒரே முறைதான் பயன்படுத்தினாள். அசுவினி தேவர்கள் இரட்டையர் என்பதால் அவர்களை அழைத்து ஒரே தடவையில் இரண்டு பிள்ளை பெற்றுக்கொண்டாள். பாண்டு மறுபடி கேட்டபோது, ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லிக் குந்தி மறுத்துவிடுகிறாள். ஆதி பர்வம்.

மொட்டைமாடி:

மூன்றுக்கு வருகிறேன். பொலக்ஸ்தான் பிரகாசம், 1.14. காஸ்டர் 1.58. ஒளியளவில் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். விண்மீன்களுக்குப் பெயரிடும் கிரேக்க எழுத்து வரிசையில் முதலாவதான ஆல்ஃபா காஸ்டருக்கு இருப்பதால்தான் இந்தத் தவறு வருகிறது. எழுத்து வரிசை எப்போதும் ஒளி வரிசை அல்ல.

கண்ணால் பார்த்தே சரிபார்க்கலாம். மார்ச் நடுவில் இரவு எட்டு மணிக்கு, உச்சிக்குச் சற்று வடக்கே இரண்டும் நிற்கும். இடம் பிடிக்க: மிருகசீரிட வேட்டைக்காரனின் காலில் உள்ள ரைஜலிலிருந்து தோளில் உள்ள திருவாதிரை வழியாக ஒரு கோடு இழுத்து, அதே திசையில் நீட்டிக்கொண்டே போனால் இந்த ஜோடியில் முட்டும். இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 4.5 பாகை, கையை நீட்டினால் மூன்று விரல் அகலம். வடக்கே வெள்ளையாக இருப்பது காஸ்டர், தெற்கே லேசான ஆரஞ்சு பொலக்ஸ்.

இரட்டை என்பது நம் கண்ணுக்குத்தான். பொலக்ஸ் 34 ஒளியாண்டு, காஸ்டர் 51. ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் காஸ்டர் உண்மையில் ஆறு விண்மீன்களின் கூட்டம், பொலக்ஸுக்கு ஒரு கோள் உண்டு. கிரேக்கக் கதையிலும் இருவரும் சமம் இல்லை: தாய் லீடா, ஆனால் பொலக்ஸ் ஜூஸின் மகன், சாகாவரம் உண்டு. காஸ்டர் மனிதனான டிண்டேரியஸின் மகன், சாகக்கூடியவன்.

நம் மரபில் இவை இரண்டும் புனர்பூசம். அதாவது இராமனின் நட்சத்திரம். உண்மையான இரட்டையரான இலட்சுமணனும் சத்ருக்னனும் பிறந்தது ஆயில்யம். இரட்டை நட்சத்திரத்தில் பிறந்தவன் இரட்டை அல்ல, வேறு நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் இரட்டை! இன்னொரு கவனம்: மிதுனம் என்றால் வடமொழியில் ஆணும் பெண்ணுமான இணை. வராகமிகிரர் கதாயுதம் ஏந்திய ஆண், வீணை ஏந்திய பெண் என்றே சொல்கிறார். "மிதுனம் என்றால் இரு சகோதரர்கள்" என்று பொதுவாக எழுதினால் ஜோதிடம் தெரிந்தவர் மடக்குவார்.

டென்ட்கொட்டாய்:

ஏழும் தவறு. மேரி கேட் ஓல்சன், ஆஷ்லி ஓல்சன் இருகரு இரட்டையர். பார்க்க ஒன்றுபோல் இருந்ததால் 'ஃபுல் ஹவுஸ்' தொடரில் 1987 முதல் 1995 வரை ஒரே குழந்தையாக நடித்தார்கள். தொடரின் பெரும்பகுதியில் இருவர் பெயரையும் ஒட்டி ஒரே ஆள் பெயர்போல் டைட்டிலில் போட்டார்கள்.

எதற்கு இரண்டு குழந்தை? கலிபோர்னியாவின் குழந்தைத் தொழிலாளர் விதி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசு படப்பிடிப்பில் 2 மணி நேரம் இருக்கலாம், நடிப்பது 20 நிமிடம்தான். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 4 மணி நேரம், நடிப்பு 2 மணி. ஒரே முகத்தில் இரண்டு குழந்தை இருந்தால் நேரம் இரட்டிப்பு, ஒன்று அழுதால் மற்றது தயார். கைக்குழந்தைப் பாத்திரத்துக்கு அங்கே இரட்டையர் தேடுவது இதனால்தான்.

சினிமாக் கேள்வியில் இரட்டை வேடத்தையும் இரட்டையரையும் குழப்பாதீர்கள். தமிழில் முதல் இரட்டை வேடம் 1940இல் 'உத்தம புத்திரன்', பி.யு. சின்னப்பா. அந்தக் காலத்து முறை: கேமராவை அசையாமல் இறுக்கி, லென்ஸுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு பக்கம் நடிப்பு. பிறகு ஃபிலிமை அதே ஃபிரேமுக்குப் பின்னால் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, மற்ற வேடம். கேமரா நூலளவு நகர்ந்தாலும் நடுவில் கோடு தெரியும். கையோ நிழலோ கோட்டைத் தாண்டினால் வெட்டுப்பட்டு மறையும். அதனால்தான் பழைய படங்களில் இரண்டு வேடத்துக்கும் நடுவே ஒரு தூணோ கதவு நிலையோ இருக்கும். பார்வை இன்னொரு தொல்லை: எதிரே ஆள் இல்லாததால் கண் உயரம் தப்பும், கதாநாயகன் தம்பியின் நெற்றியைப் பார்த்துப் பேசுவார்.

உண்மையான இரட்டையர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. 'டெர்மினேட்டர் 2' (1991) படத்தில் லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி லெஸ்லி நடித்திருக்கிறார். நீளப் பதிப்பில் ரோபோவின் தலையைத் திறக்கும் கண்ணாடிக் காட்சியில் கண்ணாடியே கிடையாது, சுவரில் ஓட்டை. இந்தப் பக்கம் பொம்மைத் தலையோடு லெஸ்லி, அந்தப் பக்கம் 'பிம்பமாக' லிண்டாவும் அர்னால்டும். இருவரும் கையை ஒரே நேரத்தில் அசைக்க வேண்டும், அவ்வளவுதான். அதே படத்தில் காபி மெஷின் பக்கத்தில் சாகும் காவலாளியும் அவன் உருவெடுத்து வரும் ரோபோவும் டான், டேன் ஸ்டான்டன் என்ற இரட்டையர்.

எதிர்ப்பக்கத்துக்கு: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் ஆறாவது வந்த விங்கிள்வாஸ் இரட்டையராக 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தில் நடித்தவர் ஆர்மி ஹாமர் என்ற ஒற்றை ஆள். உடலுக்கு ஜாஷ் பென்ஸ் நின்றார், முகத்தைப் பிறகு கணினியில் மாற்றினார்கள்.

மூன்றாவது ஸ்லிப்:

எட்டாவதை எடுத்துவிடுவதே நல்லது. ஓநாயின் காலமே சண்டையில் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:

எடுக்க வேண்டாம், கேள்வியை மாற்றினால் போதும். பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கர் செய்தது என்று நெடுநாள் நம்பப்பட்ட ஓநாய், அறிவியல் சோதனைகளுக்குப் பிறகு இடைக்காலத்தது என்று பலர் சொல்கிறார்கள், அதில் விவாதம் உண்டு. ஆனால் அடியில் பால் குடிக்கும் இரண்டு குழந்தைகளும் 15ஆம் நூற்றாண்டில் பின்னால் சேர்க்கப்பட்டவை என்பதில் சண்டை இல்லை. "இந்தச் சிலையில் ஓநாயின் வயதை எட்டாதவர்கள் யார்?" என்று கேளுங்கள். விடை: ரோமுலஸும் ரீமஸும்.

மணியோசை:

எட்டும் அவுட். எல்லாவற்றையும் திருத்தி எழுதிவிட்டேன். சமன் ஆனால் கேட்க எண் விடை வருகிற ஒன்று வேண்டும், யார் நெருங்கி வந்தாலும் வெற்றி என்று.

கோட்டைவாசல்:

சாங், எங் பங்கர். 1811இல் சயாமில் மார்பெலும்பருகே ஒட்டிப் பிறந்தவர்கள். 'சயாமிய இரட்டையர்' என்ற சொல்லே இவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் குடியேறி 1843இல் அடிலெய்ட், சாரா என்ற அக்கா தங்கையரை மணந்தார்கள். இரண்டு வீடு, வீட்டுக்கு மூன்று நாள் முறை வைத்து வாழ்ந்தார்கள். 1874 ஜனவரி 17 அன்று சில மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். இருவருக்கும் சேர்த்து எத்தனை பிள்ளைகள்? 21. யாரும் அவ்வளவு சொல்ல மாட்டார்கள், அதனால் நெருங்கி வந்தவர் யார் என்று எளிதாகத் தெரிந்துவிடும்.